எழுபத்து மூன்றிலிருந்து எண்பது வரை

ஓட்டை போடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் என்று கார்டு அக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்க மாட்டாள். குடிநீர் வாரியத்தின் பில் பிரிவில், காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை, ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து தடித்த அட்டைகளில் ஓட்டை போட்டாள். ஓர் அட்டைக்கு எண்பது கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஓட்டை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்து அது என்ன எழுத்து என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அக்காவும் புரிந்துகொள்வாள், கொஞ்சம் மெதுவாக, ஆனால் கம்ப்யூட்டரைவிட அதிக எரிச்சலோடு.

அட்டையோடு அவள் மல்லுக்கட்டியது பதினோரு வருஷம். அப்புறம் அட்டை போய்த் திரை வந்தது. அதற்கு அப்புறமும் இருபத்தேழு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து விசையைத் தட்டிவிட்டு ஓய்வு பெற்றாள். பெயர் மட்டும் மாறவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் டீ கொண்டுவருகிறவர், தன் வயதில் பாதிகூட இல்லாத அவளைப் பார்த்து "கார்டு அக்கா, டீ" என்றார். அன்றோடு அது ஒட்டிக்கொண்டது. அதிகாரி கூப்பிட்டார், காவலாளி கூப்பிட்டார், கடைசியில் புருஷனும் வீட்டில் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சாகும்வரை நிறுத்தவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் குடியிருந்தது.

அந்தப் பிரிவில் புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கட்டடம் முழுக்க ஐம்பது சார்கள் இருந்தாலும் வெறுமனே 'சார்' என்றால் அவர்தான். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பையில் சீவிய பென்சில் மூன்று. கட்டம் போட்ட தாளில் அவர் எழுதுவார், அக்கா அதை அட்டையில் அடிப்பாள். அவர் ஒரு கமாவை விட்டிருந்தால் அவள் போட்டுக்கொள்வாள். ஒரு தடவை அவர், "எழுதினதை அப்படியே அடி, நீயா எதுவும் செய்யாதே" என்றார். அடுத்த தாளை அவள் அப்படியே அடித்தாள், தப்பு ஒன்றுகூட விடாமல். ஒரு பிரிவே இரண்டு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது சார் கல்யாணத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். போகும் அவசரத்தில் பில் புரோகிராமின் தாமதக் கட்டணப் பகுதியை அரைகுறையாக எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓட்டிப் பார்த்தார்கள். அது அபராதத்துக்கு அபராதம் போட்டு, அந்த அபராதத்துக்கும் ஓர் அபராதம் போட்டது. ஒரு மாதம் தண்ணீர் வரி கட்டாத ஒரு விதவைக்கு அவள் வீட்டை விற்றாலும் தீராத பில் வந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மேலதிகாரிகள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கார்டு அக்கா ஆறு வருஷமாக அவருடைய தாள்களை அடித்தவள். அடித்து அடித்தே அந்த மொழி அவள் விரலுக்குள் இறங்கியிருந்தது. மதிய உணவு நேரத்தில் பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். பதினோரு நாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஓட்டிப் பார்த்தபோது விதவைக்கு நியாயமான பில் வந்தது. பில் சரியாக வருகிறதா என்று மட்டும்தான் அதிகாரிகள் பார்த்தார்கள். யார் சரிசெய்தது என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. சார் விட்டுப்போன தாளில் ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சார் திரும்பி வந்து புரோகிராமின் அச்சு லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பஞ்ச் அடிக்கிறவங்க புரோகிராம்ல கை வெச்சா வேலை போயிடும். தெரியும்ல? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

ஆறு மாதம் அவள் அவரைத் தெய்வமாக நினைத்தாள், தன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று. பிறகு வாரியத்தின் செய்தி மடல் வந்தது. அட்டைப்படத்தில் சார். உள்ளே இரண்டு பக்கம், தாமதக் கட்டணத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்த இளம் மேதை என்று தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்தது, வெளிநாட்டுப் பயிற்சி வந்தது, பத்து வருஷத்தில் சொந்தக் கம்பெனியே வந்தது. அக்காவுக்கு வந்தது வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

அந்தச் செய்தி மடல் வந்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் புதிதாக இன்னொரு பிரதி அடித்தாள். அட்டையில் எழுபத்திரண்டு கட்டம் வரைதான் கம்ப்யூட்டர் படிக்கும். எழுபத்து மூன்றிலிருந்து எண்பது வரை உள்ள எட்டுக் கட்டங்களை அது தொடாது. கட்டு கை தவறிச் சிதறினால் திரும்ப அடுக்குவதற்காக அங்கே வரிசை எண்ணோ குறியீடோ போட்டுக்கொள்வது வழக்கம். அக்காவின் பெயரை இங்கிலீஷில் எழுதினால் சரியாக எட்டு எழுத்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் ஒவ்வோர் அட்டையின் கடைசி எட்டுக் கட்டத்திலும் தன் பெயரை அடித்தாள். அவளுடைய மெஷின் எழுத்தாக எதையும் அச்சிடாது, ஓட்டை மட்டும்தான் போடும். வரிசை தப்பாமல் இருக்க, அடுக்கிய கட்டின் மேல் விளிம்பில் சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்தாள். ஓர் அட்டை இடம் மாறினாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கத்து இருக்கையில் ஒருத்தி இருந்தாள். அக்கா அடித்ததையே இரண்டாவது மெஷினில் மறுபடி அடித்துத் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சரிபார்ப்புக்காரி என்பார்கள். அக்கா பதினோரு நாள் சோற்றை மறந்து எழுதியதைக் கண்ணால் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அவள் ஓர் அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி இது, எல்லாத்துலயும் உன் பேரு?"

"ஆமா."

"இதை யாரு படிக்கப் போறா?"

"ஒரு நாள் படிப்பாங்க. எல்லாருக்கும் முன்னாடி, அந்த ஆளையும் உட்கார வெச்சுப் படிப்பாங்க."

"அதுக்கு எதுக்குடி இவ்வளவு சுத்து? நீதான் எழுதினேன்னு நான் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"உன் தயவு எனக்கு வேண்டாம்."

அக்கா அப்படித்தான். யாருக்கும் கடன்படாமல், யாரிடமும் கேட்காமல், தானே ஒருவரின் மூக்கை உடைக்க வேண்டும் அவளுக்கு. பின்னாளில் மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று இருவருக்கும் ஒரு சண்டை வந்து, அந்தச் சண்டை இருபது வருஷம் நீண்டது. சரிபார்ப்புக்காரி போன வருஷம் படுக்கையில் விழுந்து, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி மூன்று முறை ஆள் விட்டாள். அக்கா மூன்று முறையும் கால் வலி என்றாள். நான்காவது முறை வந்தது சாவுச் செய்தி. கால் வலி அப்போதும் இருந்தது. இதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை, அவளும் நியாயப்படுத்தவில்லை.

வாரியம் பழைய மெஷின்களை எடைக்குப் போட்டபோது அக்கா அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் இருந்த பெட்டியை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்துருண்டை போட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். மூன்று வீடு மாறியபோதும் நகையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஓய்வு பெற்று சில வருஷம் கழித்து, பழைய கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று அவளைத் தேடி வந்தது. மூடிப்போன தொலைபேசி நிலையத்தின் பெரிய கூடத்தை அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எடைக்குப் போன மெஷின்களில் ஒன்று, பீரோ உயரத்துக்கு நான்கு பெட்டியாக, தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் பின்புறம் கிடந்து அகப்பட்டிருந்தது. அதைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். மேலே கூரை ஒழுகியது. மெஷினுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, தரையில் வாளிகள். கூரைக்கும் மெஷினுக்கும் நிதி திரட்டத்தான் சங்கம் மாதாமாதம் விழா நடத்தியது. பழைய மவுஸை வாலைப் பிடித்துச் சுழற்றி யார் தூரமாக எறிகிறார்கள் என்று ஒரு போட்டி. ஃபிளாப்பி என்கிற நெகிழ்வட்டின் மேல் டீக்கோப்பை வைத்து ஒரு விருந்து. வந்தவர்கள் சிரித்தார்கள், கொடுத்தார்கள், போனார்கள்.

சங்கத்தின் செயலாளர் சர்க்கரையாகப் பேசும் ஓர் அம்மாள். ஓட்டை போடும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வாரியத்தில் விசாரித்திருக்கிறாள். "கார்டு அக்கான்னு ஒருத்தங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் ஒவ்வொரு விழாவிலும் அக்கா ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நன்கொடை கொடுப்பவரின் பெயரை ஓர் அட்டையில் அடித்து நினைவுப் பொருளாகக் கொடுப்பது அவள் வேலை. வந்தவர்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள், பிள்ளைகள் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் தன் நாயின் பெயரைச் சொல்லி, எழுத்துப் பிழை வரக்கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்தார். அவள் நாய்க்கும் அடித்தாள். அறுநூறு பெயருக்கு மேல் அடித்திருப்பாள். உங்கள் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சங்கம் அவளுக்குக் கொடுத்த பெயர் பேட்ஜில் 'கார்டு அக்கா' என்றே அச்சிட்டிருந்தது. அவளும் அதைக் குத்திக்கொண்டாள்.

அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். சங்கத்தில் ஓர் இன்ஜினியர் இருந்தார், நாற்பது வயதுக்காரர், சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மெஷினோடு போராடுபவர். அட்டையைக் கேமராவால் படம் பிடித்து, ஓட்டையை எழுத்தாக மாற்றிச் சுவரில் பெரிதாகக் காட்டும் ஒரு கருவியை அவர் செய்தார்.

"எண்பது கட்டத்தையும் படிக்குமா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"எண்பதையும் படிக்கும் அக்கா. ஒண்ணைக்கூட விடாது."

அதே வாரம் செயலாளர் அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து சேதி சொன்னாள். கூரை நிதி விழாவுக்கு சார் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராம் ஏதாவது கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"எங்கிட்ட இருக்கு," என்றாள் அக்கா.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று ஒரு நிபந்தனைதான் போட்டாள். எல்லோர் முன்னாலும், சார் முன்னாலும், முதல் அட்டையிலிருந்து படித்துக் காட்ட வேண்டும். செயலாளர் அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். நன்கொடையாளர் என்ற இடத்தில் 'கார்டு அக்கா' என்று அவளே நிரப்பியிருந்தாள். அடுத்தவர் எழுதிய தாளில் விட்டுப்போன கமாவைக் கண்டுபிடித்தே வாழ்ந்தவள், அந்தப் படிவத்தை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மகள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறாள். எதையும் நேராகப் பேசுகிறவள்.

"இப்பவே அந்த இன்ஜினியர்கிட்ட சொல்லிடேன்மா. நீதான் எழுதினேன்னு சொன்னா மெஷின் பக்கத்துல வைக்கிற பலகையில உன் பேரைப் போடப் போறாங்க. அவ்வளவுதானே உனக்கு வேணும்?"

"பலகையில பேரு யாருக்கு வேணும்? அந்த ஆள் மேடையில நின்னு பெருமை அடிச்சிட்டிருக்கணும். பின்னால சுவர்ல என் பேரு வந்து விழணும். இருநூத்திப் பன்னிரண்டு தடவை. அவர் முகம் போற போக்கை நான் பார்க்கணும்."

அம்மா அவ்வளவு நேரம் சிரித்து மகள் பார்த்ததில்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. வாளிகளை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள். இருநூறு நாற்காலிகளும் நிரம்பி, சுவர் ஓரமாகவும் ஆட்கள் நின்றார்கள். சார் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, சட்டை அதே முழுக்கை. அக்காவின் மேஜையைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்றார். பழைய நாளில் 'நீ' என்றவர் 'நீங்க' என்றதை அவள் பயம் என்று எடுத்துக்கொண்டாள். மகிழ்ந்துபோனாள்.

விளக்கை அணைத்தார்கள். இன்ஜினியர் முதல் அட்டையைக் கருவியில் வைத்தார். சுவரில் ஆளுயரத்துக்கு எழுத்து ஓடியது. அக்கா இடது பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அது அவளுக்கு மனப்பாடம். வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரி முடிந்தது. ஓரத்தில் வெறும் சுவர். இரண்டாவது அட்டை. வெறும் சுவர். ஐந்தாவது அட்டைக்கு அவள் எழுந்து, ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள்.

"கடைசி எட்டு எங்கே தம்பி?"

"எது அக்கா?"

"எழுபத்து மூணுல இருந்து எண்பது வரைக்கும். எண்பதையும் படிக்கும்னு சொன்னியே."

"படிச்சுது அக்கா. எல்லா அட்டையிலயும் ஒரே எட்டு எழுத்து. ஏதோ குறியீடுன்னு நெனச்சேன். போன வாரம் சாருக்கு லிஸ்ட்டை அனுப்பினேன். அவர்தான் அந்த ஓரத்தை எடுத்துடுங்க, எழுத்து பெருசாத் தெரியும்னு சொன்னார்."

"அது குறியீடு இல்ல. அது என் பேரு."

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். இரண்டு வருஷம் விழாதோறும் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர். அந்த எட்டு எழுத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை படித்தவர். "உங்க பேரா?" என்றார். அவர் குரலில் இருந்தது வெட்கம்தான், பொய்யில்லை.

மேடையில் சார் மைக்கைப் பிடித்திருந்தார். "கல்யாணமான புதுசு. ரெண்டு பேரும் ரயில்ல போயிட்டிருக்கோம். ஜன்னல் ஓரமா உட்கார்ந்து இந்த தாமதக் கட்டணத்தைப் பத்தி யோசிக்கிறேன். வீட்டுக்காரிக்குக் கோபம்," என்றார். சபை சிரித்தது.

"போடு தம்பி," என்றாள் அக்கா. இன்ஜினியர் ஒரு விசையைத் தட்டினார். சுவரில் எழுத்துக்கள் சுருங்கின. வலது ஓரத்தில் அவள் பெயர் வந்தது, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஐந்து வரியிலும். இன்ஜினியர் அட்டைகளை வேகமாக ஓட்டினார். பத்து வரி, இருபது வரி. சுவரின் ஓரம் முழுக்க அவள் பெயர். முப்பத்தெட்டு வருஷமாகக் கண்ணை மூடினால் அவள் பார்த்த காட்சி அதுதான்.

அவள் மேடைக்கு முன்னால் போய் நின்றாள். "அங்கே இருக்கிறது என் பேரு. இந்தப் பகுதியை எழுதினது நான். சார் இல்ல."

சபை அடங்கியது. சார் நிதானமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் முகம் எங்கும் போகவில்லை. ஒரு வாரமாக அவர் தயாராக இருந்திருக்கிறார்.

"இவங்க சொல்றது நிஜம்தான்," என்றார். "அது இவங்க பேருதான். அந்தக் காலத்துல யார் அடிச்ச அட்டைன்னு தெரியணும்ல? தப்பு வந்தா யாரைப் பிடிச்சுக் கேக்கறது? அதனால அடிச்சவங்க தன் பேரை ஓரத்துல போட்டுக்குவாங்க. நான் எழுதிக் குடுத்த இருநூத்திப் பன்னிரண்டு வரியையும் ஒரு தப்பு இல்லாம அடிச்சுக் குடுத்தவங்க இவங்க. எல்லாரும் கைதட்டுங்க."

கை தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அக்காவுக்கு அது உறைத்தது. அட்டையின் ஓரத்தில் ஒரு பெயர் இருந்தால் அதை அடித்தவள் யார் என்று தெரியும். எழுதியவள் யார் என்று தெரியாது. இவ்வளவு சின்ன விஷயம். அந்தச் செய்தி மடல் வந்த வாரமே யோசித்திருக்கலாம். ஆனால் சார் முகம் கறுத்துப்போவதை மட்டுமே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவர் வாய் திறப்பார் என்பதை நினைக்கவில்லை.

"இல்ல. நான்தான் எழுதினேன்," என்றாள். "வரி வரியாச் சொல்றேன், கேளுங்க." சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, கமா, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து ஒன்பது வரி சொன்னாள். சுவரில் இருந்ததோடு ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"பார்த்தீங்களா," என்றார் சார் சபையைப் பார்த்து. "இத்தனை வருஷம் கழிச்சும் மனப்பாடமா வெச்சிருக்காங்க. இப்படி ஆளுங்க இப்ப எங்கே கிடைக்கறாங்க?"

சிரித்தார்கள். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அது அன்பான சிரிப்பு.

"எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். அவ பார்த்தா," என்றாள்.

செயலாளர் அம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "அவங்க வந்திருக்காங்களா அக்கா?"

"செத்துட்டா."

"ஐயோ பாவம். வாங்க, உட்காருங்க. எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலைதானே அக்கா அது."

அக்கா வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, காதோடு காதாக, "நிஜமாவே நீதான் எழுதினியாம்மா?" என்று கேட்டாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் மேடையில் மேஜை போட்டுவிட்டார்கள். செயலாளர் அம்மாள் அறிவித்தாள்: பெரிய நன்கொடை தரும் ஒவ்வொருவருக்கும் இந்த அரிய கட்டிலிருந்து ஓர் அட்டை, சாரின் கையெழுத்தோடு. வரிசை கதவு வரைக்கும் நின்றது.

அக்கா ஓடினாள். "அதைப் பிரிக்கக்கூடாது. அது என் பெட்டி."

"நீங்க சங்கத்துக்குக் குடுத்துட்டீங்களே அக்கா. படிவத்துல கையெழுத்துப் போட்டீங்களே. கூரைக்காகத்தானே?" அம்மாள் உண்மையிலேயே வருந்துகிறவள் போலத்தான் பேசினாள். "நீங்களே பக்கத்துல உட்கார்ந்து எடுத்துக் குடுங்களேன். படம் ரொம்ப நல்லா வரும்."

போய்விடலாம் என்றுதான் அக்கா நினைத்தாள். அப்போது ஒரு தொண்டர் பெட்டிக்குள் கையை விட்டு நடுவிலிருந்து ஒரு கொத்தாக உருவினார். விளிம்பில் இருந்த சிவப்புக் கோடு உடைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு, கொத்தை அதன் இடத்தில் செருகி, கோட்டைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் அட்டையை எடுத்து சாரிடம் கொடுத்தாள்.

அட்டையின் நடுவில் ஓட்டை இல்லாத இடம் தாராளமாக இருந்தது. சார் வலது ஓரத்தில்தான் கையெழுத்துப் போட்டார். பேனா முனை ஓட்டைகளில் தடுக்கித் தடுக்கி ஓடியது. "பேரு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதை மேலே எழுதி, அவள் பெயரின் மேல் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தார். அடுத்தது, அடுத்தது. சிவப்புக் கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது. நாயின் பெயரை அடிக்கச் சொன்னவரும் வரிசையில் வந்தார்.

நூறு அட்டை தாண்டியபோது சார் நிமிராமல், உதடு அசையாமல் பேசினார். "முன்னாடியே எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே உன் பேரைப் பலகையில போடச் சொல்லியிருப்பேன். எனக்கு இனிமே இதுல என்ன இருக்கு? என் மானத்தை வாங்கத்தானே நீ வந்தே?"

அது பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க இனி வழியில்லை. அவள் அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

கூரைக்கு வேண்டியதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது என்று செயலாளர் அம்மாள் அறிவித்தாள். பெட்டியில் ஒரே ஓர் அட்டை மிச்சம், புரோகிராம் முடிந்தது என்று சொல்லும் கடைசி அட்டை. "அது கார்டு அக்காவுக்கு. சங்கத்தோட அன்பளிப்பு," என்றாள். படம் எடுப்பவர் கிட்டே வந்தார்.

சார் அட்டையை வாங்கி மேஜைமேல் வைத்தார். அவள் விடுப்புக் கடிதங்களில் ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டவர். போன வாரம் அந்த எட்டு எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு எடுக்கச் சொன்னவர். பேனாவைத் திறந்துகொண்டு மற்ற எல்லோரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"பேரு சொல்லுங்க."

அக்கா அட்டையைப் பார்த்தாள். எட்டுக் கட்டமும் கண்ணெதிரே இருந்தன. அதை இந்த ஆள் கையால் எழுதவும் விட வேண்டுமா என்று தோன்றியது.

"கார்டு அக்கான்னே எழுதுங்க சார்."

அவர் அப்படியே எழுதினார். கீழே கையெழுத்துப் போடும்போது முனை ஓர் ஓட்டையில் மாட்டிக்கொண்டது. பேனாவை எடுத்து உதறிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டார்.